ஹசார்டு, ரிஸ்க், டிசாஸ்டர்: மூன்றுக்கும் ‘இடர்’ ஒன்றே போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஹசார்டு (தீங்கு விளைக்கக்கூடிய புயல், வறட்சி போன்றவை), ரிஸ்க் (அவற்றால் கேடு நேரக்கூடிய நிலை), டிசாஸ்டர் (உண்மையில் நேர்ந்துவிட்ட அழிவு) மூன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் வேண்டுமா என்று இந்த இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் ஒருசேரப் படித்தேன். ‘வழக்கில் இருப்பதை ஏன் கலைக்க வேண்டும்’ என்று கேட்டவர்களுக்கு முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

கிராமத் தன்னார்வலர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதன் வரைவை வைத்து வேதாரண்யம் பக்கத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. பாடநூல் வழக்கையொட்டி ஹசார்டை ‘இடர்’ என்றும் டிசாஸ்டரைப் ‘பேரிடர்’ என்றும் எழுதியிருந்தேன். மகளிர் குழுவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுந்து, “அப்படியென்றால் சின்னப் புயல் இடர், பெரிய புயல் பேரிடர். சரிதானே சார்?” என்று கேட்டார். எல்லோரும் தலையசைத்தார்கள். கருத்தின்படி அது தவறு. சொல்லின்படி அவர் சொன்னதுதான் சரி. மழை, பெருமழை, அலை, பேரலை, இடர், பேரிடர். தமிழறிந்த யாரும் அப்படித்தான் பொருள் கொள்வார்கள்.

ஆனால் ஹசார்டு வளர்ந்து டிசாஸ்டர் ஆவதில்லை. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவில் பாராதீப் அருகே கரையேறிய பெரும்புயல் ஏறத்தாழ 10,000 உயிர்களைக் கொண்டுபோனது. 2013 அக்டோபர் 12 அன்று கோபால்பூர் அருகே வந்த பைலின் அதைவிடக் காற்று வேகத்தில் சற்றுக் குறைந்ததுதான். ஆனாலும் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி வீசிய மிகக் கடும் புயல். அப்போது இறந்தவர்கள் சில பத்துப் பேர் மட்டுமே. இடைப்பட்ட ஆண்டுகளில் புயல் பாதுகாப்பு இல்லங்கள் கட்டப்பட்டன, முன்னறிவிப்பு மேம்பட்டது, சுமார் பத்து லட்சம் மக்கள் முன்கூட்டியே கரையை விட்டு அழைத்துச் செல்லப்பட்டார்கள். புயல் அதே இனம். அழிவு அதே அளவல்ல. ‘பேர்’ என்ற முன்னொட்டு இந்த உண்மை முழுவதையும் அளவுக் கணக்குக்குள் ஒளித்துவிடுகிறது.

அதோடு நின்றதா? ரிஸ்க்குக்கும் நாம் ‘இடர்’ என்றே எழுதுகிறோம். 2015இல் ஜப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட 2030 வரைக்குமான செயற்சட்டகத்தின் தலைப்பைத் தமிழில் எழுதப் போனால் ‘பேரிடர் இடர் குறைப்பு’ என்று வருகிறது. இதைப் படிக்கும் ஊராட்சித் தலைவர் என்ன நினைப்பார்? புயலை யாரால் குறைக்க முடியும்? குறைக்கக்கூடியது ரிஸ்க்கைத்தான். அந்த வேறுபாட்டைச் சொல்ல நம்மிடம் சொல் வேண்டும்.

> ‘இயற்கைச் சீற்றம்’ என்று எல்லா நாளிதழ்களும் எழுதுகின்றன. ஹசார்டுக்குச் ‘சீற்றம்’ என்றே வைத்துவிடலாமே?

அழகான சொல். கடல் சீற்றம் என்று மீனவர்களுக்கான எச்சரிக்கைகளிலும் வருகிறது. ஆனால் வறட்சி சீறுவதில்லை. மாதக்கணக்கில் ஓசையில்லாமல் ஏரியைக் காயவைக்கிறது. 1984இல் போபாலில் கசிந்த நச்சுவாயுவும் இயற்கையின் சீற்றமன்று. மேலும், சீற்றம் என்றவுடன் பொறுப்பு முழுவதும் கடலின் தலையிலும் வானத்தின் தலையிலும் விழுந்துவிடுகிறது. அதை நான் ஏற்கமாட்டேன்.

> கணினி, செயலி போல ‘இடரி’?

சுருக்கமாக இருக்கிறது. ஆனால் செயலி முதலியவற்றைப் பார்த்து இகர விகுதியை எந்தப் பெயரோடும் ஒட்டிவிடுவது எனக்கு உவப்பில்லை. காதில் விழும்போது ‘இடறி’ என்றும் கேட்கும். இடறி விழுவதுதான் நினைவுக்கு வரும். ‘தீங்கேது’ என்று நண்பர் ஒருவர் தந்ததில் ஏது என்பது காரணம் என்று எனக்குப் புரிகிறது. ஊர்க்கூட்டத்தில் அதைச் சொன்னால் ‘தீங்கு எங்கே இருக்கிறது, ஒன்றுமில்லை’ என்று நேர்மாறாகப் பொருள்படும்.

என் முன்மொழிவு: இடர்முதல். வள்ளுவர் ‘நோய்முதல்’ என்கிறாரே, அதே அமைப்பு. நோய் வேறு, நோயின் காரணம் வேறு. இலக்கணத்தில் செயலைச் செய்பவரைக் குறிக்கும் வினைமுதல் என்பதும் இப்படித்தான். புயல், நிலநடுக்கம், நிலச்சரிவு, வறட்சி, வாயுக்கசிவு எல்லாம் இடர்முதல்கள். அவை இன்னும் இடர் அல்ல, இடருக்குக் காரணமாகக்கூடியவை. வணிகத் துறையினர் முதல் என்பதைப் போட்ட பணம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அந்தக் குழப்பம் உண்டுதான். ஆனால் பேரிடர்க் கையேட்டில் அப்படி யாரும் படிக்கப்போவதில்லை.

எக்ஸ்போஷர் (இடர்முதல் தாக்கக்கூடிய இடத்தில் இருப்பது), வல்னரபிலிட்டி (எளிதில் பாதிக்கப்படும் நிலை) இரண்டுக்கும் சொல் தேடியபோது எனக்கு வழிகாட்டியது ஒரு குறள்.

வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர்
வைத்தூறு போலக் கெடும்.

இதைப் பிரித்துப் பாருங்கள். எரி இடர்முதல். அதன் முன்னர் இருக்கிறது என்பது எக்ஸ்போஷர். அங்கே இருப்பது கருங்கல்லாக இல்லாமல் வைத்தூறாக, அதாவது வைக்கோற்போராக இருப்பது வல்னரபிலிட்டி. காவாமை, தடுக்கும் ஏற்பாடு இல்லாமை. இவை ஒன்றுகூடினால்தான் ‘கெடும்’. தீயைத் தள்ளிவைத்தாலும் போரை இடம் மாற்றினாலும் கேடு இல்லை. இன்றைய பாடநூல்கள் படம் போட்டு விளக்குவதை ஏழு சீருக்குள் அடக்கியிருக்கிறார்.

எக்ஸ்போஷரை ‘வெளிப்பாடு’ என்று எழுதுவதை இனியாவது விட்டுவிட வேண்டும். கலை வெளிப்பாடு, உணர்ச்சி வெளிப்பாடு என்று வேறு பொருளில் ஊறிய சொல் அது. ‘சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை’ என்று முதலீட்டு விளம்பரங்கள் சொல்லிச் சொல்லி எல்லோர் காதிலும் ஏறியிருக்கிறது. ஆகவே உட்படுகை.

வல்னரபிலிட்டிக்கு நான் பரிந்துரைப்பது நலிவு. ‘ஊறுபடுதன்மை’, ‘பாதிப்புறு தன்மை’ எல்லாம் அகராதியில் நிற்கும், வாயில் நிற்காது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது ஒரே தெருவில் காரை வீடு நின்றது, கூரை வீடு பறந்தது. இரண்டுக்கும் உட்படுகை ஒன்றுதான். நலிவு வேறு.

> நலிவு என்றால் அவர்கள் இயல்பிலேயே பலவீனமானவர்கள் என்று ஆகிவிடாதா?

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. நலிதல் என்பதற்கு வருந்துதல், வருத்துதல் என்று இரு பொருளும் உண்டு. அரசு ஆவணங்களில் வரும் ‘நலிந்த பிரிவினர்’ பிறக்கும்போதே நலிந்தவர்கள் அல்லர். நலிவு அவர்கள்மேல் ஏற்றப்பட்டது. பட்டா இல்லாததும், ஓலைக்கூரைக்கு மேல் செலவழிக்க முடியாததும் உடம்பின் குணமல்ல. சொல்லே அந்த இரு முகத்தையும் தாங்குகிறது என்பதால்தான் இதை விட மனமில்லை.

ரிஸ்க்குக்கு ‘இடர்வாய்ப்பு’ வேண்டாம். வாய்ப்பு என்றால் நல்லது கிடைப்பது. வேலைவாய்ப்பு போல வெள்ளவாய்ப்பு என்பது நெருடுகிறது. இலங்கையில் வங்கித் துறையினர் இடர்நேர்வு என்று நெடுநாளாக எழுதுகிறார்கள். அதையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து நண்பர் சுட்டியதுபோல, டிசாஸ்டருக்கு அவர்கள் ஆளும் ‘அனர்த்தம்’ கருத்தளவில் நம் சொல்லைவிடத் தெளிவானது. அதில் அளவே இல்லை. ஆனால் 2004 ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டே இரு நாடுகளும் சட்டம் இயற்றிவிட்டன; அங்கே அனர்த்த முகாமைத்துவம், இங்கே பேரிடர் மேலாண்மை என்று பெயர்ப்பலகை வரை ஏறிவிட்டது. அதை அசைக்க வேண்டாம். ஹசார்டை மட்டும் ‘இடர்’ என்ற சொல்லிலிருந்து விடுவித்தால், பேரிடரும் பிழையான கணக்கிலிருந்து தப்பும். சமாளிக்கும் வலுவுக்குத் தாங்குதிறன் போதும். அதில் யாருக்கும் மறுப்பில்லை.

சொற்களை வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன்:

“2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே நிலம் நடுங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகே அலை நாகப்பட்டினத்தை அடைந்தது. இடர்முதல் தொலைவில் பிறந்தது. கரையோரக் குடியிருப்புகளின் உட்படுகை மிகுதி. எச்சரிக்கை சொல்ல அமைப்பு இல்லாததால் தாங்குதிறன் குறைவு. மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 2007இல் ஹைதராபாத்தில் முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. அதனால் இடர்முதல் மாறவில்லை, இடர்நேர்வு குறைந்தது.”

எந்த இடத்தில் தடுக்கிறது என்று எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன் கையேடு அச்சுக்குப் போகவேண்டும். அடுத்த வகுப்புக்கு அந்த அம்மாவும் வருகிறார். இந்தப் பத்தியை முதலில் அவரிடம்தான் படித்துக் காட்டப்போகிறேன்.

அன்புடன்