2-க்கு மாற்றினால் போவது "அதிகபட்சம் ஒரு வினாடி"யா?

நள்ளிரவு_டிபிஏ:
நேற்று ஒருவர் இங்கே இலவச ஆலோசனை வழங்கியிருந்தார். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இன்னோடிபி_ஃப்ளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட் 1 என்று இருப்பதை (ஒவ்வொரு கமிட்டையும், அதாவது உறுதிசெய்த மாற்றத்தையும், உடனே டிஸ்க்கில் பதியவைப்பது) 2 ஆக்கினால் (ஓஎஸ், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுத்துவிட்டு, வினாடிக்கு ஒருமுறை மட்டும் டிஸ்க்குக்கு ஃப்ளஷ் செய்வது) பறக்குமாம், கரண்ட் போனாலும் இழப்பு "அதிகபட்சம் ஒரு வினாடி"தானாம். இந்த 'அதிகபட்சம்' எங்கிருந்து முளைத்தது? வினாடிக்கு ஒருமுறை ஃப்ளஷ் நடக்கும் என்பதற்கு 100% உத்தரவாதம் இல்லை என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறான்.

வேகப்பிரியன்:
அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி எடுக்கும். கமிட்டுக்கு ஒரு எஃப்சிங்க் (டிஸ்க்கில் பதிந்தே ஆகவேண்டும் என்று ஓஎஸ்ஸுக்குச் சொல்லும் கட்டளை) என்றால் வினாடிக்கு 120 தாண்டாது. வரிசையில் நிற்கும் வாடிக்கையாளருக்கு உங்கள் கையேட்டை வாசித்துக் காட்டவா? ஒரு வினாடி போனால் போகட்டும்.

நள்ளிரவு_டிபிஏ:
ஒரு வினாடி என்று யார் சொன்னது?

சும்மா_வந்தவன்:
அண்ணே, 120 என்பது ஒற்றை இணைப்புக்குத்தான். நிறைய பேர் ஒரே நேரத்தில் கமிட் செய்தால் குரூப் கமிட்டில் எல்லாம் ஒரே எஃப்சிங்கில் போய்விடும். அப்புறம், 2 வைத்தாலும் மைஎஸ்க்யூஎல் மட்டும் விழுந்தால் எதுவும் போகாது, எழுதியது ஓஎஸ் கையில் இருக்கும். ஓஎஸ் விழுந்தாலோ கரண்ட் போனாலோதான் ஆபத்து.

வேகப்பிரியன்:
அதைத்தானே நானும் சொன்னேன்.

நள்ளிரவு_டிபிஏ:
சொல்லவில்லை. "அதிகபட்சம்" என்றுதான் சொன்னீர்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படித்தான் ஒரு புண்ணியவான் 2 வைத்துவிட்டுப் போனார். பில் அச்சடித்து ஆள் கையில் கொடுத்தாயிற்று, கரண்ட் போய் வந்தது, அதே பில் எண் அடுத்த ஆளுக்கும் வந்தது. சிங்க்_பின்லாக் (நகல் சர்வருக்குப் போகும் மாற்றப் பதிவை டிஸ்க்கில் பதியவைக்கும் அமைப்பு) 1-இலேயே இருந்ததால் ரெப்ளிகாவில், அதாவது நகல் சர்வரில், அந்த பில் இருக்கிறது, மூல சர்வரான மாஸ்டரில் இல்லை. இரண்டு நாள் தூக்கம் போச்சு. இதற்குப் பெயர் ஒரு வினாடியா?

வேகப்பிரியன்:
யூபிஎஸ் வாங்க வக்கில்லாத இடத்தின் கதையை எல்லாம் இங்கே கொட்டாதீர்கள்.

நள்ளிரவு_டிபிஏ:
ஓஎஸ்ஸின் கெர்னலே பேனிக் ஆகி நின்றுபோனால் யூபிஎஸ் என்ன செய்யும், விசிறி விடுமா?

யானைப்பாகன்:
இதற்குத்தான் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு வாருங்கள் என்பது. கமிட் டிஸ்க்கில் பதியும்வரை காத்திருக்க வைக்கும் சிங்க்ரனஸ்_கமிட்டை ஒரு டிரான்ஸாக்ஷனுக்கு மட்டும்கூட ஆஃப் செய்யலாம். வால் (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் லாக்) ரைட்டர் இடைவெளி 200 மில்லிவினாடி, போனாலும் அதைப்போல மூன்று மடங்குக்குள்தான். டேட்டாபேஸ் கெடாது. பணம் வரும் இடத்தில் ஆன், கிளிக் கணக்கு எழுதும் இடத்தில் ஆஃப்.

நள்ளிரவு_டிபிஏ:
வந்துவிட்டாரய்யா யானை. எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் மறுமுறை கேட்கும்போது லினக்ஸ் "சரி" என்று சொல்லிவிடும், அதை நம்பிக்கொண்டிருந்தோம் என்று 2018-இல் விழித்துக்கொண்டது யார்?

யானைப்பாகன்:
2019 பிப்ரவரியில் போஸ்ட்கிரஸ் 11.2-இலேயே சரிசெய்தாயிற்று. எஃப்சிங்க் தோற்றால் சர்வர் பேனிக் ஆகி நின்று, வாலில் இருந்து மீண்டு வரும். நீங்கள்தான் இன்னும் 2018-இலேயே நிற்கிறீர்கள்.

சும்மா_வந்தவன்:
பேட்டரி உள்ள ரெய்டு கார்டு (டிஸ்க்குகளை ஆளும் கார்டு), இல்லை கெப்பாசிட்டர் உள்ள எஸ்எஸ்டி போட்டால், கரண்ட் போனாலும் கையில் வாங்கியது தங்கும் என்பதால் 1-இலேயே வேகம் வந்துவிடுமே?

வேகப்பிரியன்:
காசு யார் தருவார், இந்த டிபிஏ சாரா? போன மாதம் பேக்கப் இழையிலும் இதே ஆள்தான் நாற்பது பதிவு போட்டு எல்லோரையும் ஓட்டினார்.

நள்ளிரவு_டிபிஏ:
முப்பத்தெட்டு. அதிலும் நீங்கள் கடைசிவரை ரீஸ்டோர் செய்து பார்த்தீர்களா என்று சொல்லவே இல்லை. சரி, அது கிடக்கட்டும். "அதிகபட்சம்" என்ற சொல்லை நேற்றைய பதிவிலிருந்து எடுப்பீர்களா மாட்டீர்களா?

வேகப்பிரியன்:
மாட்டேன். என் சர்வர் மூன்று வருடமாக 2-இல் ஓடுகிறது.

நள்ளிரவு_டிபிஏ:
மூன்று வருடத்தில் எத்தனை முறை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தீர்கள்?

யானைப்பாகன்:
11.2 பற்றிப் பதிலே காணோமே?