அம்மாவுக்கு ஓய்வு யோகா: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 54. முப்பது வருடமாகக் கொழுந்து எடுக்கிறார். கூடையைத் தாங்கித் தாங்கித் தோளும் கழுத்தும் இறுகிவிட்டன. கடன் கவலை வேறு, இரவில் தூக்கமே இல்லை.

உடம்பை வருத்தாத ரெஸ்டோரேட்டிவ் யோகா பற்றிப் படித்தேன். தலையணை, மடித்த கம்பளி என்று முட்டுக்கொடுத்து, ஒரே நிலையில் ஐந்து முதல் இருபது நிமிடம் சும்மா கிடப்பதுதான். புனேயில் யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் பழக்கிய முறையிலிருந்து வளர்ந்ததாம். "படுத்துக் கிடக்க ஒரு பாடமா?" என்று அம்மா சிரித்தார். ஆனாலும் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்த அன்று அப்படியே கண் அசந்துவிட்டார்!

இப்போது என் சந்தேகங்கள். அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது, மாத்திரை எடுக்கிறார். காலைத் தூக்கி வைப்பது சரியா? கிளினிக்கிலும் கேட்பேன், பழகியவர்கள் அனுபவமும் வேண்டும். எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) சீமெந்துத் தரை இந்தக் குளிரில் ஐஸ் மாதிரி; கீழே என்ன விரிக்கிறீர்கள்? நீள உருளைத் தலையணைக்குப் பதிலாகக் கம்பளியைச் சுருட்டினால் நழுவுகிறது, எப்படிக் கட்டுவது? அப்புறம், ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தமிழில் சொல்லித்தரும் பெண் ஆசிரியர் யாராவது இருக்கிறார்களா? ஞாயிறு மட்டும்தான் வர முடியும்.