பாங்காக்குக்கு அக்டோபரா, ஜனவரியா?

வணக்கம் நண்பர்களே. அம்மா அப்பாவை முதல்முறையாக வெளிநாடு அழைத்துப் போகிறேன். பாங்காக் என்பது முடிவாகிவிட்டது, எந்த மாதம் என்பதில்தான் குழப்பம்.

அம்மாவுக்கு நவராத்திரிக்கே போக வேண்டும். சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறதே, அங்கே விஜயதசமி இரவு ஊர்வலம் வரும்போது தாய்லாந்து மக்கள் சாமந்தியும் தேங்காயும் அடுக்கி வழிநெடுகக் காத்திருப்பதை வீடியோவில் பார்த்தார். அன்றிலிருந்து அதே பேச்சு. ஆனால் அங்கே மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழைக்காலம். செப்டம்பர்தான் உச்சம் என்றாலும், அக்டோபர் முதல் பாதியும் லேசுப்பட்டதில்லை.

சரி, ஜனவரியில் போகலாம் என்றால் அப்பாவுக்கு வீசிங். அப்போது மழை இல்லை, விடியற்காலையில் 22 டிகிரிதான் இருக்கும். ஆனால் காற்று அசையாமல், வண்டிப் புகையும் வயல் எரிக்கும் புகையும் நகரத்தின்மேல் தேங்குவதும் அந்த மாதங்களில்தான். போன போகியன்று தெருப்புகையில் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி மூச்சுக்குத் தவித்தார். அரை டம்ளர் வெந்நீர்கூட இறங்கவில்லை. அதைப் பார்த்த எனக்கு ஜனவரி என்றாலே பயம்.

ஏப்ரல், மே வெயில் வேண்டவே வேண்டாம்.

அக்டோபரில் போனவர்கள் சொல்லுங்கள்: மழை சாயங்காலம் கொட்டிவிட்டு விடுமா, நாள் முழுக்கப் பிடிக்குமா? சுரசக் ரயில் நிலையத்திலிருந்து கோயில்வரை தண்ணீர் தேங்குமா? மெதுவாக நடக்கும் பெரியவர்கள் ஊர்வலக் கூட்டத்தில் எங்கே நிற்பது நல்லது? அப்புறம், ஜனவரியில் ஆஸ்துமாக்காரர்களை அழைத்துப் போன யாராவது இருந்தால் அவசியம் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் டிக்கெட் போட வேண்டும்.