பேஸ்மேக்கர் உள்ள அம்மாவுக்கு பிசியோதெரபி: தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. எங்கட அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் தேய்மானம், படியேற ஏலாது. இதயத் துடிப்பைச் சீராக வைக்க பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. நீரிழிவால் காலில் உணர்ச்சியும் குறைவு.

போன கிழமை ஒரு தனியார் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வேறு வருத்தம் இருக்கா என்று ஒரு வார்த்தை கேட்காமலே முழங்காலைத் துடைத்து, கறண்ட் பட்டை ஒட்ட வெளிக்கிட்டார்கள். பேஸ்மேக்கர் என்று நான் சொன்ன பிறகுதான் வயரைக் கழற்றினார்கள். அந்த மின்தூண்டல் பேஸ்மேக்கரின் வேலையைக் குழப்பலாம். ஷோர்ட்வேவ் டயதெர்மி, அதாவது மின்காந்த அலையால் உடம்புக்குள்ளே சூடு கொடுக்கிற முறை, அதைவிட ஆபத்து. அந்த மெஷின் ஓடும்போது பக்கத்தில்கூட அம்மாவை இருத்தக்கூடாது. தனியாகப் போகிற வயதானவர்களை நினைக்க உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

சூட்டு ஒத்தடம் கொடுக்கவும் யோசனையாகத்தான் இருக்கிறது. உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு கூடினது தெரியாது, தோல் கொப்பளித்த பிறகுதான் தெரியும். நீரிழிவுக்காரருக்கு அந்தப் புண் ஆற எவ்வளவு காலம் எடுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் பயிற்சிகளை மட்டும் வைத்துச் செய்விக்க விருப்பம். கொக்குவில் பக்கம் வீட்டுக்கு வரக்கூடிய, இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ள பிசியோதெரபிஸ்ட் யாரையாவது தெரியுமா? பெண் என்றால் அம்மாவுக்கு வசதி. யாழ். போதனா வைத்தியசாலையில் காட்டுவதென்றால் இதய கிளினிக்கில் கடிதம் வாங்க வேணுமா? பேஸ்மேக்கரோடு முழங்கால் பயிற்சி செய்தவர்கள் வீட்டில் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கோ. எண்ணெய் பூசுவது, பத்துப் போடுவது வேண்டாம்; தொடர்பு இலக்கத்தை உள்பெட்டியில் போடுங்கோ.