கரியில் சுட்ட மாட்டுக்கறி சாண்ட்விச்: மேலே கருகுகிறது, உள்ளே வேகவில்லை, மெல்லவும் முடியவில்லை

கேள்வி (திருவாரூரிலிருந்து)

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ‘பிட் பீஃப்’ என்று ஒரு சாண்ட்விச் உண்டு. மாட்டின் தொடைக்கறியை முழுத் துண்டாகக் கரி நெருப்பில் சுட்டு, தாள் போலச் சீவி, உருண்டை ரொட்டியில் வேகாத வெங்காயத்துடன் அடுக்கி, ஹார்ஸ்ராடிஷ் என்னும் காரமான வேரை மயோனைஸில் கலந்த ‘டைகர் சாஸ்’ தடவித் தருவார்கள். அங்கே வேலை பார்த்துத் திரும்பிய என் மைத்துனர் அதைப் பற்றிப் பேசிப் பேசியே ஆசையைக் கிளப்பிவிட்டார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒன்றரைக் கிலோ தொடைக்கறி வாங்கி, பச்சைப் பப்பாளியை அரைத்துப் பூசி, கொல்லையில் செங்கல் அடுக்கிக் கம்பி வலை போட்டுப் பதினொரு மணிக்குச் சுட்டேன். மேற்புறம் கொழகொழத்துக் கருகிக் கசந்தது. நடுவில் சிவப்பு நீர் வழிந்தது. மென்றால் சைக்கிள் டியூப். அடுத்த வாரம் முக்கால் மணி நேரம் கூடுதலாக வைத்தேன், விறகாகிவிட்டது. ஹார்ஸ்ராடிஷ் கும்பகோணத்திலும் கிடைக்கவில்லை. முருங்கை வேரைத் துருவிப் போடலாம் என்கிறார் ஒருவர். எங்கே தவறு செய்கிறேன்?

பதில் (கூத்தாநல்லூரிலிருந்து)

தம்பி, முதலில் மாட்டைப் பாருங்கள். அவர்கள் சுடுவது கறிக்காகவே தீனி போட்டு வளர்த்த இளம் மாடு. நம் மாநிலத்தில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி வெட்ட அனுமதி கிடைப்பது, பொதுவாகப் பத்து வயது கடந்து, உழவுக்கும் கன்று ஈனவும் உதவாமல் போன மாட்டுக்குத்தான்; அதன் நார் முற்றியிருக்கும். அதையும் வெட்டிய ஐந்து மணி நேரத்தில், விறைப்பு இறங்கும் முன்பே, நெருப்பில் ஏற்றிவிட்டீர்கள். ஒரு கிலோவுக்கு 15 கிராம் உப்புத் தடவி, குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரிக்குக் கீழே இரண்டு நாள் வையுங்கள். பப்பாளி வேண்டவே வேண்டாம். அது மேல் தோலைக் கூழாக்குமே தவிர நடுவுக்குப் போகாது.

கசப்புக்குக் காரணம் கரியல்ல, அவசரம். சீமைக்கருவேலங்கரி இதற்கு அருமையானது (அமெரிக்கர் சுடுகறிக்கென்றே மெச்சும் மெஸ்கீட் அதன் நெருங்கிய உறவுதான், நாம் வேலிக்காட்டில் திட்டிக்கொண்டிருக்கிறோம்). மஞ்சள் சுடர் முற்றிலும் அடங்கி, கரியின் மேல் வெண்சாம்பல் படர்ந்த பிறகே கறியை வையுங்கள். கரியை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் குவியுங்கள். கரிக்கு நேர் மேலே புரட்டிப் புரட்டி மேலோடு கறுத்ததும், துண்டை மறுபாதிக்கு நகர்த்தி மூடிவிடுங்கள். பால்டிமோரில் உள்ளே சிவப்பாகவே பரிமாறுவார்கள். நாம் அதைப் பார்த்துச் செய்ய வேண்டியதில்லை, நாடாப்புழு பயம் உண்டு. இறைச்சி வெப்பமானியை நடுவில் குத்தி 63 டிகிரி காட்டியதும் எடுத்து, கால் மணி ஆறவிடுங்கள்.

கடைகளில் சீவ இயந்திரம் இருக்கிறது. நம்மிடம் அரிவாள்மனைதான் என்றால், ஆறிய கறியை உறைபெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து இறுக்கி, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, விரல் நகத்தின் கனத்துக்கு மேல் போகாமல் சீவுங்கள். முற்றிய நாரைப் பல் மெல்லாமல் கத்தி மெல்லும்படி செய்வதுதான் இந்தப் பண்டத்தின் சூட்சுமம்.

பதில் (மயிலாடுதுறையிலிருந்து)

முருங்கை வேரைத் தொடாதீர்கள். அதன் மணத்தால்தான் ஆங்கிலேயர் முருங்கைக்கே ‘ஹார்ஸ்ராடிஷ் மரம்’ என்று பெயர் வைத்தனர். ஆனால் வேர்ப்பட்டையில் நச்சுத்தன்மை உண்டு, கர்ப்பிணிகளுக்கு மிகவும் ஆகாது. நம் கறுப்புக் கடுகே போதும், ஏனென்றால் ஹார்ஸ்ராடிஷிலும் கடுகிலும் மூக்கில் ஏறும் காரப்பொருள் ஒன்றுதான். கடுகைப் பொடித்துக் குளிர்ந்த நீரில் குழைத்துப் பத்து நிமிடம் விட்டால் நெடி முழுதாகக் கிளம்பும். அப்போது வினிகர் விட்டு நிறுத்தி, மயோனைஸில் கலக்குங்கள். வெந்நீர் பட்டால் நெடி வராது, வெறும் கசப்பே மிஞ்சும்.

கேட்டவரின் பதில்

நேற்று அண்ணன் சொன்னபடியே செய்தேன். 63 டிகிரிக்கு வர ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. ஓரம் கறுத்து, நடு இளஞ்சிவப்பாக இருந்தது. கடுகுச் சாஸில் மைத்துனருக்குக் கண்ணில் நீர் வந்தது, அதே காரம் என்று ஒப்புக்கொண்டார். டீக்கடை இனிப்பு பன் மட்டும் சாற்றில் ஊறிப் பிய்ந்துபோனது.

பதில் (கூத்தாநல்லூரிலிருந்து)

பேக்கரியில் சர்க்கரை குறைத்துச் சற்று முறுகலாகச் சுடச் சொல்லி வாங்கி, இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கத்தை மிச்சக் கரியில் வாட்டிவிட்டு அடுக்குங்கள்.