‘நாட் ரெடி’ என்றே நிற்கும் ஜி.சி.: ஓவன் சூட்டில் பட்ட பாடுகள்

காரைக்குடி:
எண்ணெய்ப் பரிசோதனைதான் எங்கள் பிழைப்பு. கடலை எண்ணெயில் பாமாயில் கலந்திருக்கிறதா என்று பார்க்க, கொழுப்பு அமிலங்களை எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டராக்கி ஜி.சி.யில் ஏற்றுவோம். ஜி.சி. என்றால் கேஸ் குரோமட்டோகிராஃப்: ஓவனுக்குள் சுருண்டிருக்கும் ஒரு மெல்லிய குழாய் வழியே ஆவியை ஓட்டி, கலவையைப் பிரித்துக் காட்டும் கருவி. லேப் ஒரு பழைய நகரத்தார் வீட்டு இரண்டாம் கட்டில், வாடகைக்கு.

மே மாதம் பத்து நாள் பூட்டிவிட்டு வந்து ஓட்டினோம். முதல் ரன் நன்றாக ஏறியது. இறங்கும்போதுதான் சனி. 50 டிகிரிக்கு வர வேண்டிய ஓவன் 70க்குக் கீழே அசைய மறுத்தது; ஸ்கிரீனில் ‘நாட் ரெடி’தான். ஏசி போதவில்லை என்று நினைத்து அதை 20ல் வைத்து ஒரு மணி நேரம் நடுங்கியதுதான் மிச்சம். பிறகு பின்புறக் காற்றுவழியில் ஒரு டிஷ்யூத் துண்டைப் பிடித்தேன். ஆடவேயில்லை.

வீட்டுக்கார ஆச்சி வாசல்படியில் நின்றபடியே, “ஒரு வாரமா குளவி அங்கினதான் சுத்துச்சு தம்பி” என்றார்கள். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டுக் கழற்றினால், வெப்பக் காற்றை வெளியே தள்ளத் திறக்கும் மூடியின் கீலில் அப்பியிருந்தது மண்கூடு. மோட்டார் பாவம், தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறது. பிரஷ்ஷால் உதிர்த்தோம், தண்ணீர் படவிடவில்லை. இப்போது லீவு என்றால் பின்னால் துணி கட்டுகிறோம். ஆன் செய்யும் முன் அவிழ்க்க மறக்காமலிருக்க, துணியின் நுனியைப் பவர் ஸ்விட்ச்சில் முடிந்துவிடுவோம்.

தேவகோட்டை:
உங்களுக்காவது கண்ணுக்குத் தெரிந்த குளவி. எங்கள் கல்லூரி ஜி.சி. பொய் சொன்னது.

ஸ்கிரீனில் 200 டிகிரி, ஒரு புள்ளி பிசகவில்லை. ஆனால் குழாயைக் கடந்து 7.2 நிமிடத்தில் வெளிவரும் மெத்தில் பால்மிடேட் (பால்மிடிக் அமிலத்தின் எஸ்டர்) 8.1க்குப் போய்விட்டது. காலம் போச்சு, புதுசு வாங்கணும் என்று சொல்லாதவர் இல்லை. காலம் என்று நான் சொல்வது கடிகாரத்தை அல்ல, ஓவனுக்குள் இருக்கும் அந்தக் குழாயை (column)! (எங்கள் ஆய்வகத்தில் ‘காலம்’ என்றாலே இந்தக் குழப்பம்தான்.)

ஆவியைத் தள்ளிச் செல்லும் கேரியர் கேஸின் ஓட்டம் குறைந்தாலும் பீக் (வரைபடத்தில் அந்தப் பொருளின் முகடு) தள்ளிப்போகும். அதனால் சிகரெட் லைட்டர் வாயுவைக் கொஞ்சம் ஊசியில் எடுத்துச் செலுத்தினேன். அதிலுள்ள பியூட்டேன் அந்தச் சூட்டில் எங்கும் நிற்காமல் ஓடிவிடும். அதன் நேரம் பழையபடி 1.4 நிமிடம்தான். அப்படியென்றால் ஓட்டம் சரி, சூடுதான் தப்பு. 15 முதல் 20 டிகிரி குறைந்தால் பீக் வரும் நேரம் ஏறக்குறைய இரட்டிக்கும். அந்தக் கணக்கில் எங்கள் ஓவன் மூன்று டிகிரி குறைவு.

ஆறவைத்து, பிளக்கை எடுத்து, ஓவன் சூட்டை அளக்கும் சென்சாரின் மின்தடையை அளந்தேன். பிடி 100 சென்சார் பூஜ்ஜியத்தில் 100 ஓம், டிகிரிக்குச் சுமார் 0.385 ஓம் ஏறும். அறை 32 டிகிரி, 112.4 காட்ட வேண்டும். மீட்டர் வயரின் ஓமைக் கழித்த பிறகும் 113.5! கனெக்டரை உருவினால், புளி காணாத பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி ஊசியில் பச்சைக் களிம்பு. அந்தக் கூடுதல் 1.1 ஓமைக் கருவி மூன்று டிகிரி சூடாக எடுத்துக்கொண்டு, ஹீட்டரை முன்கூட்டியே அணைத்திருக்கிறது. காண்டாக்ட் கிளீனர், ஒரு டூத்பிரஷ், பத்து நிமிடம். பால்மிடேட் 7.2க்குத் திரும்பியது. மதுரையிலிருந்து எஞ்சினியர் வருவதற்காக மூன்று வாரம் காத்திருந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பள்ளத்தூர்:
எங்களுக்கு வேறு வகை. நிமிடத்துக்கு 20 டிகிரி ஏற்றச் சொன்னால், மாலை ஆறு மணிக்கு மேல் மட்டும் பின்தங்கும். போர்டை மாற்றலாமா என்ற பேச்சு வரைக்கும் போனது. மல்டிமீட்டரைப் பிளக்கில் வைத்தால் 180 வோல்ட். ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230க்கு 180 என்றால் 61 சதவீதம்தான் கிடைக்கும். ஸ்டெபிலைசர் வாங்கும் வரை நீண்ட ரன்களைக் காலையிலேயே முடித்தோம்.

காரைக்குடி:
தேவகோட்டை அண்ணே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நானும் இன்று கனெக்டரை உருவிப் பார்த்தேன். 112.9, அறை 33. தப்பில்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஹைட்ரஜனைக் கேரியராக வைத்திருப்பவர்கள் ஓவனைத் தொடுமுன் சிலிண்டரிலேயே மூடிவிடுங்கள். காலத்தைக் கழற்றும் வேளையில் அது ஓவனுக்குள் தேங்கி, அப்புறம் ஹீட்டர் பிடித்தால் கதவு இருக்காது.

தேவகோட்டை:
சரிதான் தம்பி. ஆனால் காலம் ஆறுவதற்குள் மூடிவிடாதீர்கள். சூட்டில் கேஸ் இல்லாமல் நின்றால் உள்பூச்சு போய்விடும். ஆச்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.