சிஜே-7க்கு என்வி4500 கியர்பாக்ஸ்: ஓவர்டிரைவ் தேவைதானா?

மண்சாலை எழுதியது:

என்னிடம் 1980களின் தொடக்கத்தில் வந்த ஜீப் சிஜே-7 ஒன்று இருக்கிறது. 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், டி-176 நான்கு கியர் பெட்டி, டானா 300 டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி). முன் ஆக்சிலிலும் பின் ஆக்சிலிலும் 3.54 விகிதக் கிரவுன் பினியன், டயர் 33 அங்குலம். பாறை இறக்கத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸை லோவில் (மெதுவான விகிதத்தில்) வைத்து முதல் கியர் போட்டாலும் வண்டி பிடித்துக்கொள்ளாமல் ஓடுகிறது. பிரேக்கை விடவே முடியவில்லை. இரண்டாவது கியரின் சின்குரோவும் (கியர் சத்தமில்லாமல் விழ வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) தேய்ந்து, மாற்றும்போதெல்லாம் கரகரக்கிறது.

டீசல் டாட்ஜ் பிக்கப் ஒன்றிலிருந்து கழற்றிய என்வி4500 ஐந்து கியர் பெட்டி விலைக்கு வருகிறது. முதல் கியர் விகிதம் 5.61, ஐந்தாவது ஓவர்டிரைவ் (வெளிவரும் ஷாஃப்ட் எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும் கியர்) 0.73 என்று விற்பவர் சொல்கிறார். இறக்கத்துக்கும் ஆயிற்று, நெடுஞ்சாலைக்கும் ஆயிற்று என்று தோன்றுகிறது. வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நெம்புகோல் எழுதியது:

யோசிக்காமல் வாங்குங்கள். 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசலின் இழுவையையே தாங்கிய பெட்டி அது. உங்கள் எஞ்சின் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். டாட்ஜ் வகையில் மெயின் ஷாஃப்டின் பின்முனையில் ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்துவிடும். கியர், ஷாஃப்டின் பல்வரியான ஸ்ப்லைனிலிருந்து பின்னோக்கி நகர்ந்துவிட்டால், லீவர் ஐந்தில் விழும், வண்டி இழுக்காது. வாங்குமுன் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். எண்ணெய் ஜிஎல்-4 தரம்தான். கையில் இருக்கிறதே என்று ஜிஎல்-5 ஊற்றிவிடாதீர்கள்.

பழைய பட்டறை எழுதியது:

நட்டைப் பற்றி நெம்புகோல் சொன்னது சரி. "யோசிக்காமல்" என்றதுதான் எனக்குச் சரிப்படவில்லை. பெட்டியின் பலத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. அது இந்த வண்டிக்கு எதற்கு என்பதுதான் கேள்வி. காகிதமும் பென்சிலும் எடுங்கள் தம்பி, ஸ்பானர் பிறகு.

முதலில் நெடுஞ்சாலை. 33 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.63 மீட்டர் போகும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 570 சுற்று. 3.54 ஆக்சிலோடு, நேர் (1.00) நான்காவது கியரில் எஞ்சின் ஏறக்குறைய 2,020 சுற்றில் ஓடும். இன்றைக்கும் உங்கள் வண்டி அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த எஞ்சினுக்குப் பிடித்த இடமும் அதுதான். ஓவர்டிரைவில் போட்டால் 1,470க்கு இறங்கிவிடும். காற்றைப் பிளக்கத் தெரியாத அந்தச் சதுர முகத்தோடு, சின்ன மேடு வந்தால்கூட ஐந்தாவதில் முக்கும். நீங்களே நான்காவதுக்கு வந்துவிடுவீர்கள். பணம் கொடுத்து வாங்கிய ஐந்தாவது கியர் சும்மா கிடக்கும்.

ஓவர்டிரைவுக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால் ஆக்சிலை 4.56 ஆக்க வேண்டும். அப்போது ஐந்தாவதில் 1,900 சுற்று வரும், நன்றாகவே இருக்கும். ஆனால் நான்கு சக்கர ஓட்டத்தில் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். ஆக, இரண்டு ஆக்சிலையும் பிரிக்க வேண்டும். அதிலும் முன்பக்க ஆக்சிலான டானா 30இல் 3.54 வரைக்கும் ஒரு கேரியர் (கிரவுன் பல்சக்கரத்தைத் தாங்கும் கூடு), 3.73க்கு மேல் வேறு கேரியர். பல்லை மட்டும் மாற்றிவிட்டுத் தப்பிக்க முடியாது.

அடுத்து இறக்கம். முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ, ஆக்சில் மூன்றின் விகிதத்தையும் பெருக்கினால் இப்போது உங்களுக்கு 3.52 × 2.62 × 3.54, ஏறக்குறைய 33. எஞ்சின் 700 சுற்றில் சும்மா ஓடும்போதே வண்டி மணிக்கு 3.4 கிலோமீட்டர் போகும். பாறையில் அது ஓட்டம்தான், உங்கள் புகார் நியாயமானது. என்வி4500 போட்டால் 52 ஆகும்.

இப்போது நான் சொல்லவந்தது. பழைய ஜிஎம் டிரக்குகளில் வந்த எஸ்எம்465 என்ற நான்கு கியர் பெட்டியைப் பாருங்கள். அதுவும் வார்ப்பிரும்புதான். முதல் கியர் 6.55, இரண்டாவது 3.58, மூன்றாவது 1.70, நான்காவது நேர். ஆக்சிலைத் தொடாமலே லோவில் 60ஐத் தாண்டிவிடுகிறது. அதே 700 சுற்றில் மணிக்கு 1.8 கிலோமீட்டர். இன்றைய உங்கள் முதல் கியரும் அதன் இரண்டாவது கியரும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதைக் கவனித்தீர்களா? சாலையில் இரண்டாவதில் கிளம்பி, மூன்று கியர் வண்டியாக ஓட்டுவீர்கள். முதல் கியர் பாறைக்கு மட்டும். அதற்குச் சின்குரோ கிடையாது, வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இடைவெளி அதிகம், மாற்றும் வேகமும் மெதுவானது. அவசரக்காரர்களுக்கு இந்தப் பெட்டி பிடிக்காது.

நான் அதன் பக்கம் சாய்வதற்கு விகிதம் மட்டும் காரணமல்ல, நீளமும் ஒரு காரணம். சிஜே-7இன் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 93 அங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பெட்டியும், அதை டிரான்ஸ்ஃபர் கேஸோடு இணைக்கும் அடாப்டரும் நீண்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்த அளவுக்குப் பின்னால் போகும். முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளும், அதனால் பெரிய கெடுதல் இல்லை. பின் ஷாஃப்ட் குட்டையாகும். குட்டையானால் அதே உயரத்துக்குச் சாய்வு கூடும். ஸ்பிரிங்கை உயர்த்திய வண்டியில் யுனிவர்சல் ஜாயின்ட் அந்தக் கோணத்தில் அதிரத் தொடங்கும்; பிறகு இரட்டை ஜாயின்ட் ஷாஃப்ட் வாங்கி, பினியனை அதற்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டியிருக்கும். எஸ்எம்465 குட்டையான பெட்டி. எதை வாங்கினாலும் சரி, பெட்டியையும் அடாப்டரையும் தரையில் சேர்த்து வைத்து டேப் பிடித்து அளந்த பிறகு பணத்தைக் கொடுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் நீளத்தை நான் நம்புவதில்லை.

கிளட்ச் விஷயத்தில் பலர் குழம்புவார்கள். பிரஷர் பிளேட் ஃபிளைவீலுக்குப் பொருந்த வேண்டும். கிளட்ச் பிளேட்டின் நடு ஓட்டை கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும். அந்த டீசல் டாட்ஜ் பெட்டியின் ஷாஃப்ட் 1¼ அங்குலத் தடிமன், உங்கள் பழைய பிளேட் அதில் ஏறாது.

கடைசியாகப் பின் ஆக்சில். உங்கள் ஏஎம்சி 20இல் ஆக்சில் ஷாஃப்டும் ஹப்பும் (சக்கரம் மாட்டும் பகுதி) தனித்தனி. நடுவில் ஒரு சாவியும் முனையில் ஒரு நட்டும்தான் பிடிமானம். 60 மடங்கு முறுக்கு அங்கே போய்ச் சேரும்போது ஹப் ஷாஃப்டின் மேலேயே வழுக்கும். ஒரே துண்டான ஷாஃப்ட் மாற்றும் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

மண்சாலை எழுதியது:

ஐயா, கணக்கைப் பார்த்ததும் டாட்ஜ் பெட்டியை விட்டுவிட்டேன். எஸ்எம்465 கிடைத்துவிட்டது, பெல் ஹவுசிங்கும் (எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே வரும் கிளட்ச் கூடு) அடாப்டரும் வந்துவிட்டன. ஹவுசிங்கை எஞ்சினில் மாட்டி, டயல் கேஜ் வைத்து நடு ஓட்டையைப் பார்த்தேன். முள் மொத்தம் 0.40 மி.மீ. ஆடுகிறது. அடாப்டர் செய்து கொடுத்தவர்கள் "போல்ட்டை முறுக்கினால் உட்கார்ந்துவிடும்" என்கிறார்கள். விட்டுவிடலாமா?

பழைய பட்டறை எழுதியது:

விடாதீர்கள். போல்ட் முறுக்கி மையம் சேர்ந்த ஹவுசிங்கை நான் பார்த்ததில்லை. கேஜ் காட்டுவது விலகலின் இரண்டு மடங்கு. ஆக, உண்மையான விலகல் 0.20; பொதுவாக ஒப்புக்கொள்ளும் எல்லை 0.13தான். இப்படியே ஓட்டினால் இன்புட் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும், கிராங்கின் முனையில் தன்னைத் தாங்கும் பைலட் புஷ்ஷைக் கோணலாகத் தேய்க்கும்; கிளட்ச் முழுதாக விடாது, கியர் விழ மறுக்கும். பழி எல்லாம் பெட்டியின் மேல் வரும்.

முதலில் ஹவுசிங்கைக் கழற்றி, இரண்டு முகங்களிலும் பெயின்ட், துரு, பிசிறு இல்லாமல் துடைத்து மறுபடி அளந்து பாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் கிராங்கைக் கையாலேயே மெல்லச் சுற்றலாம். கேஜின் காந்தக் கால் ஃபிளைவீலில் அசையாமல் நிற்கிறதா, முள் ஓட்டையின் எந்தக் கீறலிலாவது தட்டுகிறதா என்றும் பாருங்கள். அதற்குப் பிறகும் 0.40 வந்தால், எஞ்சின் பிளாக்கில் ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும் இரண்டு டவல் பின்னையும் எடுத்துவிட்டு, 0.18 மி.மீ. மையம் விலகிய பின்களைப் போடுங்கள். இரண்டின் விலகலும் ஒரே திசை பார்க்க வேண்டும். ஒன்று மேலும் ஒன்று கீழும் நின்றால் ஹவுசிங் சரியாக உட்காராது. திருப்பி மாட்டி அளந்து, முள் எங்கே வந்து நிற்கிறது என்று எழுதுங்கள்.